இரவில் பை கசிந்தால்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், அறுவைச் சிகிச்சை வார்டில் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காக எழுத்தில் தருகிறோம். இடைத்தலைப்புகள் மட்டும் நாங்கள் சேர்த்தவை.)



உடல்நலம் பற்றிப் பேசச் சொல்லித் தலைவர் கேட்டார். சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். எவரும் வாய் திறக்காத ஒன்றைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். வயிற்றில் பை வைத்திருப்பவர்கள் இரவில் படும் பாடுதான் அது.

நம் அச்சங்குளம் பக்கம் அப்படி யார் இருக்கிறார்கள் என்று நினைப்பீர்கள். இருக்கிறார்கள், வெளியே சொல்வதில்லை. மலக்குடலில் புற்றுநோய் வந்தவர்கள், குடலில் ஓட்டை விழுந்தவர்கள், குடல் அடைத்துக்கொண்டவர்கள், விபத்தில் வயிற்றில் அடிபட்டவர்கள், ஆசனவாய் இல்லாமல் பிறந்த குழந்தைகள் என்று பலருக்கு இந்த அறுவைச் சிகிச்சை நடக்கிறது. குடலின் ஒரு முனையை வயிற்றின் மேல்பக்கம் கொண்டுவந்து தைத்துவிடுவார்கள். ரோஜா நிறத்தில், ஈரமாக, சின்ன மொட்டுப் போல இருக்கும். அதற்கு ஸ்டோமா என்று பெயர். அதைச் சுற்றித் தோலில் ஒட்டுவது தட்டு. தட்டோடு சேர்ந்திருப்பது பை. சிலருக்குச் சில மாதங்களுக்குத்தான். சிலருக்கு ஆயுள் முழுவதும்.

பெருங்குடலில் வைத்தால் கொலாஸ்டமி. மலம் ஓரளவு கெட்டியாக வரும். சிறுகுடலில் வைத்தால் இலியோஸ்டமி. கஞ்சி போலத் தண்ணீராக வரும், செரிமான நீரும் அதில் கலந்திருப்பதால் தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும். சிறுநீருக்கு வைப்பது யூரோஸ்டமி. உங்களுக்கோ உங்கள் வீட்டில் இருப்பவருக்கோ வைத்திருப்பது எது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கும். முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். நான் இனிச் சொல்லப்போவதில் பாதி அதைப் பொறுத்தது.

பட்டினி மருந்தாகாது

பகலில் பை கசிந்தால் சமாளித்துவிடலாம். ராத்திரி இரண்டு மணிக்குக் கசிந்தால் பாய், தலையணை, உடுத்திய துணி எல்லாம் நனைந்துவிடும். பக்கத்தில் படுத்திருக்கும் கணவரோ மனைவியோ பேரப்பிள்ளையோ விழித்துக்கொள்வார்கள். இரண்டு தடவை இப்படி நடந்தால் போதும், அந்த ஆள் தானாகவே பாயைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கோ மாடிக்கோ போய்விடுவார். அடுத்து ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்துவார். அதற்கு அடுத்து, சாயங்காலத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையும் நிறுத்துவார்.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. இலியோஸ்டமி வைத்தவருக்குப் பெருங்குடல் வழியாக உணவு போவதில்லை. உடலுக்குத் தண்ணீரையும் உப்பையும் திரும்ப உறிஞ்சித் தருகிற வேலையைப் பெருங்குடல் செய்கிறது. அந்த வேலை நடக்காதபோது, நம் கந்தக பூமி வெயிலில், குடிக்கிற தண்ணீரையும் குறைத்தால் உடல் வறண்டு போகும். தலை சுற்றும், கால் குரக்கு வலிக்கும், சிறுநீர் குறையும், சிறுநீரகமே பழுதாகலாம். பட்டினி கிடந்தாலும் குடல் சும்மா இருப்பதில்லை. வாயுவும் செரிமான நீரும் வந்துகொண்டேதான் இருக்கும்.

ஆகவே இன்று நீங்கள் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கசிவுக்குப் பயந்து வயிற்றைக் காயப்போடாதீர்கள். கழற்றிய தட்டைத் திருப்பிப் பாருங்கள். கசிந்ததற்கான காரணம் பெரும்பாலும் அதன் முதுகில் தெரியும்.

ஏன் ராத்திரியில்?

நிற்கும்போதும் உட்காரும்போதும் வருகிறது எல்லாம் பையின் அடிக்குப் போய்விடும். படுத்தால் அப்படியில்லை. ஸ்டோமாவைச் சுற்றியே தேங்கும். தேங்கினது தட்டுக்கும் தோலுக்கும் நடுவே வழி தேடும். பகலில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை காலி செய்கிற பையை ராத்திரியில் எட்டு மணி நேரம் விட்டுவிடுகிறோம். வாயு சேர்ந்து பை பலூன் மாதிரி உப்பித் தட்டை இழுக்கும். புரண்டு படுக்கும்போது உப்பின பையை உடம்பு அழுத்தும். கரண்ட் போய் ஃபேன் நின்றுவிட்டால் வியர்வையில் பசை இளகும்.

இன்னொன்றும் உண்டு. கொலாஸ்டமி வைத்தவர்களுக்குச் சில நேரம் கெட்டியான மலம் கீழே இறங்காமல் மேலேயே அப்பிக்கொள்ளும். பைக்குள் காற்றே இல்லாமல் இரண்டு பக்கமும் ஒட்டிக்கிடப்பதுதான் காரணம். பையை மாட்டும்போது உள்ளே கொஞ்சம் காற்று இருக்கும்படி விரலால் பிரித்துவிடுங்கள். பையின் உள்பக்கம் சில சொட்டு பேபி ஆயில் விட்டுத் தேய்த்துவிட்டால் மலம் வழுக்கி இறங்கும். ஆனால் எண்ணெய் தட்டின் மேலும் தோலின் மேலும் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. அதோடு தண்ணீரும் அதிகம் குடிக்க வேண்டும்.

தட்டின் முதுகைப் பாருங்கள்

தட்டைக் கழற்றும் முன் அதன் மேல்பக்கத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கழற்றிய பிறகு எது மேல், எது கீழ் என்று குழப்பம் வராது. தட்டைப் பிய்க்காமல், ஒரு கையால் தோலை அழுத்திக்கொண்டு, மேலிருந்து கீழாக மெதுவாக உரியுங்கள். பிறகு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். தோலையும் பாருங்கள்.

முதலாவது, துளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெள்ளையாக ஊறி, கரைந்து போயிருக்கிறதா? தட்டை அதிக நாள் விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். பொதுவாக மூன்று நாலு நாள் தாங்குகிற தட்டு, சித்திரை வைகாசியில் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். கசிகிற நாளுக்கு முந்தின நாளே மாற்றிவிடுங்கள். நாலாம் நாள் ராத்திரி கசிகிறது என்றால் மூன்றாம் நாள் காலையில் மாற்ற வேண்டும். அதற்கு ஒரு காலண்டரில் குறித்து வைப்பது நல்லது.

இரண்டாவது, தோல் ஸ்டோமாவைச் சுற்றி வளையம் போலச் சிவந்து எரிகிறதா? துளை பெரிதாக வெட்டப்பட்டிருக்கிறது. அறுவைச் சிகிச்சை முடிந்த புதிதில் ஸ்டோமா வீங்கியிருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் சுருங்கிவிடும். ஆஸ்பத்திரியில் வெட்டித் தந்த அளவையே பலர் ஆறு மாதம் கழித்தும் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். புதிதில் வாரம் ஒரு தடவை அளந்து பாருங்கள். பைப் பெட்டியோடு வரும் அட்டை அளவுகோலே போதும். ஸ்டோமாவைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் துளை பெரிதாக இருக்க வேண்டும். ஸ்டோமா வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இருந்தால் துளையும் அப்படியே வெட்ட வேண்டும்.

மூன்றாவது, ஒரே ஒரு பக்கம் மட்டும் வாய்க்கால் போலக் கோடு போட்டு விளிம்பு வரை ஓடியிருக்கிறதா? அந்த இடத்தில் தோலில் மடிப்போ பள்ளமோ இருக்கிறது. கண்ணாடி முன் நின்று, உட்கார்ந்து, குனிந்து, படுத்துப் பாருங்கள். எந்த நிலையில் மடிப்பு விழுகிறது என்று தெரியும். பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆபீசிலும் தரையில் சம்மணம் போட்டு நாள் முழுக்க உட்காருகிறவர்களுக்கு வயிறு மடிந்தே இருக்கும். பகலில் அந்த மடிப்பில் தட்டு நெகிழ்ந்து, ராத்திரியில் அதே இடத்தில் கசியும். இதற்கு ஸ்டோமா பேஸ்ட் இருக்கிறது. பெயரைப் பார்த்துப் பசை என்று நினைத்து எல்லா இடமும் பூசிவிடாதீர்கள். சுவரில் விரிசலை அடைக்கிற பட்டி மாதிரி அது. பள்ளத்தை மட்டும் நிரப்பி, ஈர விரலால் சமப்படுத்த வேண்டும். புண்ணான தோலில் சில பேஸ்ட் எரியும். ஸ்டோமா தோலுக்குச் சமமாகவோ உள்வாங்கியோ இருந்தால் குவிந்த தட்டு என்று ஒன்று உண்டு. அதை நீங்களாக வாங்காமல், மருத்துவரோ செவிலியரோ பார்த்துச் சொன்ன பிறகு வாங்குங்கள்.

நாலாவது, தட்டு ஊறவே இல்லை, காய்ந்தபடியே கழன்று வந்துவிட்டதா? தோல் சுத்தமாக இல்லை. அழுக்கு என்று சொல்லவில்லை. தேங்காய் எண்ணெய், முகப்பவுடர், மஞ்சள், வாசனை சோப்பின் வழவழப்பு இவற்றில் ஏதோ ஒன்று தோலில் இருக்கிறது. நாம் புண் என்றால் உடனே தேங்காய் எண்ணெய் வைக்கிறவர்கள். தட்டு ஒட்டுகிற இடத்தில் அது வேண்டாம். வெறும் தண்ணீரும் மெல்லிய பருத்தித் துணியும் போதும். டெட்டால், ஸ்பிரிட் எதுவும் கூடாது. முடி இருந்தால் கத்தரியால் ஒட்ட வெட்டிவிடுங்கள்.

ஒரு மாதம் இப்படிப் பார்த்து, எந்தப் பக்கம், எத்தனையாவது நாள், என்ன சாப்பிட்ட ராத்திரி என்று மூன்று விஷயத்தை எழுதி வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளைக் கொடுங்கள். "அடிக்கடி கசியுது டாக்டர்" என்று சொல்வதைவிட அந்தத் தாள் நன்றாகப் பேசும்.

சாயங்காலம் முதல் விடியும் வரை

புதுத் தட்டைப் படுக்கப்போகும் நேரத்தில் ஒட்டாதீர்கள். காலையில், காபிகூடக் குடிப்பதற்கு முன், ஸ்டோமா அமைதியாக இருக்கும். அப்போது மாற்றுங்கள். ஒட்டியதும் உள்ளங்கையை அதன் மேல் வைத்து இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக அழுத்திக்கொண்டிருங்கள். உடல் சூட்டில்தான் பசை பிடிக்கும்.

ராத்திரிச் சாப்பாட்டைப் படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் முடித்துவிடுங்கள். அளவு குறைவாக இருக்கட்டும், ஆனால் சாப்பிடாமல் படுக்காதீர்கள். சோறு, தயிர், வாழைப்பழம், உருளைக்கிழங்கு, ஜவ்வரிசி ஆகியவை போக்கைக் கொஞ்சம் கெட்டிப்படுத்தும். மொச்சை, கொண்டைக்கடலை, முட்டைக்கோஸ், சோடா ஆகியவை பலருக்கு வாயு சேர்க்கும். விருதுநகர் எண்ணெய் பரோட்டாவையும் சாத்தூர் காராச்சேவையும் விட்டுவிடச் சொல்கிறேனா என்று பார்க்கிறீர்கள். விட வேண்டாம். மத்தியானம் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பாருங்கள். உங்கள் குடல் என்ன சொல்கிறது என்று பகலிலேயே தெரிந்துவிடும். ராத்திரி பத்து மணிக்குச் சால்னாவோடு ஆறு பரோட்டா என்பதுதான் வேண்டாம். இலியோஸ்டமி உள்ளவர்கள் நிலக்கடலை, தேங்காய்ச் சில்லு, முருங்கைச் சக்கை, கீரைத்தண்டு போன்ற நார்ப் பொருள்களை மென்று கூழாக்காமல் விழுங்கக்கூடாது. குடல் வாயில் அடைத்துக்கொள்ளும்.

தண்ணீரைப் பகல் முழுவதும் பிரித்துக் குடியுங்கள். இலியோஸ்டமியில் தண்ணீராகப் போகிற நாளில் வெறும் தண்ணீர் போதாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கரைத்துக் குடியுங்கள். அது கிடைக்காத நேரத்தில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்துக்கொள்ளலாம். சர்க்கரை நோய், சிறுநீரக நோய், இதய நோய் இருப்பவர்கள் இதற்கு முன்கூட்டியே மருத்துவரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படுக்கும் முன் பையைக் காலி செய்யுங்கள், வாயுவையும் வெளியேற்றிவிடுங்கள். எந்த நேரத்திலும் பை மூன்றில் ஒரு பங்குக்கு மேல், மிஞ்சிப்போனால் பாதிக்கு மேல், நிறையக்கூடாது. இலியோஸ்டமி உள்ளவர்கள் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு அலாரம் வையுங்கள். தூக்கம் கெடுகிறதே என்று தோன்றும். தானாக எழுந்து ஐந்து நிமிடத்தில் காலி செய்துவிட்டுப் படுப்பதற்கும், நனைந்த பாயில் விழிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. யூரோஸ்டமி உள்ளவர்களுக்கு ராத்திரிக்கென்றே குழாயோடு கூடிய பெரிய பை கிடைக்கும். அதைப் படுக்கையைவிடத் தாழ்வாகத் தொங்கவிட்டால் இடையில் எழுந்திருக்கவே வேண்டியதில்லை.

மல்லாந்து படுக்கலாம், அல்லது ஸ்டோமா இருக்கும் பக்கமாக லேசாகச் சாய்ந்து படுக்கலாம். எதிர்ப் பக்கம் படுத்தால்தான் தூக்கம் வரும் என்றால், வயிற்றுக்குக் கீழே ஒரு சின்னத் தலையணை வைத்துப் பையைத் தாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பாகமாக வரும் பை என்றால், ராத்திரியில் பையின் வால் கால் பக்கம் பார்க்காமல் படுக்கையின் ஓரம் பார்க்கும்படி திருப்பி மாட்டலாம். குப்புறப் படுப்பதைத் தவிருங்கள்.

இடுப்பைக் கவனியுங்கள். உள்பாவாடை நாடா, கைலி முடிச்சு, அரைஞாண் கயிறு இவை தட்டின் விளிம்பில் விழுந்தால் ராத்திரி முழுக்க அறுத்துக்கொண்டே இருக்கும். முடிச்சை மேலேயோ கீழேயோ நகர்த்துங்கள். பையின் பிளாஸ்டிக் தோலில் ஒட்டி வியர்க்காமல் இருக்க, பழைய பருத்திச் சேலையில் ஒரு உறை தைத்து மாட்டுங்கள். பாய்க்கு மேல் ரெக்சின் விரிப்பு, அதற்கு மேல் நாலாக மடித்த பழைய வேட்டி. நனைந்தாலும் வேட்டியை மட்டும் உருவிவிட்டுத் திரும்பப் படுத்துவிடலாம்.

பைகளை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். தகரக் கூரைக்கு நேர் கீழே பரணிலோ, வெயில் அடிக்கும் ஜன்னலிலோ, பைக் பெட்டியிலோ வைத்தால் பிரிக்கும் முன்பே பசை இளகிவிடும். வீட்டில் இருப்பதிலேயே குளிர்ச்சியான, ஈரமில்லாத மூலையில் வையுங்கள். ஃப்ரிட்ஜ் வேண்டாம்.

கசிந்துவிட்டால்

எல்லாம் செய்தும் ஒரு நாள் கசியத்தான் செய்யும். அதற்கு ஒரு துணிப்பை தயாராகப் படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அதில் அளவாக வெட்டிய தட்டு, பை, கிளிப், மெல்லிய பருத்தித் துணிகள், ஒரு பாட்டில் தண்ணீர், டார்ச், பழைய செய்தித்தாள், குப்பைக் கவர், மாற்றுத் துணி. கரண்ட் இல்லாத நேரத்திலும் கை நீட்டி எடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

கசிகிற இடத்தில் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு விடியட்டும் என்று படுக்காதீர்கள். உள்ளே அடைபட்ட மலம் நாலு மணி நேரத்தில் தோலைப் புண்ணாக்கிவிடும். புண்ணான தோல் ஈரம் கசியும். ஈரத்தில் அடுத்த தட்டும் ஒட்டாது. பிறகு தினமும் கசிவுதான். அதனால் அந்த நேரமே தட்டு முழுவதையும் எடுத்துவிடுங்கள். தண்ணீரால் துடையுங்கள். ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுங்கள், விசிறியால் வீசி நன்றாக உலர்த்துங்கள். அதற்குள் மறுபடி வந்தால், துணியைச் சுருட்டி ஸ்டோமாவின் வாயில் பிடித்துக்கொள்ளுங்கள். தொடும்போது வலிக்குமோ என்று பயப்பட வேண்டாம். ஸ்டோமாவுக்கு வலி உணர்வு கிடையாது. துடைக்கும்போது ஒரு பொட்டு ரத்தம் வந்தாலும் பரவாயில்லை. தோல் புண்ணாகி ஈரமாக இருந்தால் ஸ்டோமா பவுடரைத் தூவி, மிஞ்சியதைத் தட்டிவிட்டு, பிறகு தட்டை ஒட்டி உள்ளங்கையால் பிடியுங்கள்.

கழற்றிய பையில் இருப்பதைக் கழிப்பறையில் கொட்டிவிட்டு, பையைச் செய்தித்தாளில் சுற்றி, கவரில் கட்டுங்கள். டயப்பரைப் போலத் தனியாகத் தூய்மைப் பணியாளர் கையில் சேர வேண்டும். கழிப்பறைக்குள்ளோ கண்மாய்க்கரையிலோ போடக்கூடாது. வீட்டு வாசலில் கொளுத்தவும் கூடாது. நம் பகுதியில் நெருப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

சிவகாசியில் பொதிகை ஏறிச் சென்னை போகிறவர்கள் இதே துணிப்பையைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். சீட்டுக்கு அடியில் பூட்டிய பெட்டிக்குள் வேண்டாம். கீழ் பெர்த் கேட்டு வாங்குங்கள்.

இவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது

ஸ்டோமா கருப்பாகவோ கருநீலமாகவோ மாறினால், ரத்தம் நிற்காமல் வந்தால், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இலியோஸ்டமியில் நாலைந்து மணி நேரமாக எதுவும் வராமல் வயிறு முறுக்கி வலித்தாலோ வாந்தி எடுத்தாலோ 108-ஐ அழையுங்கள். ஒரு நாளில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போனாலோ, சிறுநீர் நன்றாகக் குறைந்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். வயிற்றுப்போக்கு மாத்திரையை மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். ஸ்டோமாவைச் சுற்றி வயிறு புடைத்துக்கொண்டு வந்தாலும் காட்ட வேண்டும். குடலிறக்கமாக இருக்கலாம். அதனாலும் தட்டு ஒட்டாமல் போகும்.

செலவைப் பற்றி

அறுவைச் சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டில் முடிந்திருக்கலாம். பை என்பது மாதாமாதம் வரும் செலவு. ஆலை நிற்கும் மாதத்தில் பைக்குப் பணம் இல்லாமல், நாலு நாள் தட்டை எட்டு நாள் இழுப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். தட்டில் மிச்சம் பிடித்தால் தோல் புண்ணாகி, பவுடர், பேஸ்ட், வேலைக்குப் போகாத நாள் என்று கூடுதலாகத்தான் போகும். இரண்டு பாகப் பையாக இருந்தால் பையை அலசித் திரும்ப மாட்டலாம். அதில் மிச்சம் பிடியுங்கள், தட்டில் வேண்டாம்.

எங்கே கேட்பது? உங்களுக்கு அறுவைச் சிகிச்சை நடந்த மருத்துவமனையில் முதலில் கேளுங்கள். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையும் இருக்கின்றன. ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளிகள் சிவகாசி ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் விசாரியுங்கள். எழுந்து நடமாட முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் செவிலியர் வீட்டுக்கே வருகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைச் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். மும்பையை மையமாகக் கொண்ட இந்திய ஆஸ்டமி சங்கம் என்ற அமைப்பும் பை வைத்தவர்களுக்காகவே இயங்குகிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கு

இந்தப் பை எப்படி வந்தது என்று ஒரு விஷயம் சொல்கிறேன். டென்மார்க்கில் எலிசே சோரன்சன் என்று ஒரு செவிலியர் இருந்தார். அவர் தங்கை தோராவுக்கு 1954-இல் இந்த அறுவைச் சிகிச்சை நடந்தது. எங்கே கசிந்துவிடுமோ என்ற பயத்தில் தங்கை வெளியே போவதையே நிறுத்திவிட்டார். அதைப் பொறுக்க முடியாமல் அக்கா யோசித்ததுதான், தோலிலேயே ஒட்டிக்கொள்ளும் பை. பிளாஸ்டிக் தொழில் நடத்திய ஒருவர் அதைச் செய்து கொடுத்தார். 1957-இல் அதற்கென்று ஒரு கம்பெனியே தொடங்கியது. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனையில் டாக்டர் ரூபர்ட் டர்ன்புல், ஸ்டோமாவைச் சுற்றித் தோல் புண்ணாகாமல் காக்க ஒரு மரப் பிசின் தூள் உதவும் என்று கண்டார். கராயா என்ற அந்தப் பிசின் நம் இந்தியக் காடுகளில் மரத்தைக் கீறி எடுப்பது. அதே மருத்துவமனையில்தான், தானே இலியோஸ்டமி வைத்திருந்த நோர்மா கில் என்ற பெண்மணி, ஸ்டோமா உள்ளவர்களைக் கவனிப்பதற்கென்றே ஒரு தனிப் பயிற்சியை டாக்டரோடு சேர்ந்து தொடங்கினார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தப் பையைக் கண்டுபிடிக்க வைத்தது ஒரு அக்காவுக்குத் தங்கை மேல் இருந்த அக்கறை. அதே அக்கறை நம் வீட்டிலும் வேண்டும். திண்ணைக்குப் போன ஆளை உள்ளே கூப்பிடுங்கள். அண்ணாச்சிமார்களே, உங்கள் மனைவிக்குத் தட்டு ஒட்ட நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். கை நடுங்கும் வயதில் தனக்குத் தானே துளை வெட்டிக்கொள்வது சுலபமில்லை. மருமகளிடம் கேட்கக் கூச்சப்படும் மாமியார் இருப்பார். மகனிடம் கேட்கக் கூச்சப்படும் அப்பா இருப்பார். அவர்கள் கேட்கும் வரை காத்திருக்காமல், வாரம் ஒரு தடவை துணிப்பையில் எல்லாம் இருக்கிறதா என்று நீங்களே பார்த்து நிரப்பி வையுங்கள். இந்தப் பை தொற்றுநோய் இல்லை. பக்கத்தில் படுப்பதால், ஒரே தட்டில் சாப்பிடுவதால், பேரப்பிள்ளையைத் தூக்குவதால் யாருக்கும் எதுவும் வராது. ராத்திரி நனைந்துவிட்டால் "மறுபடியுமா?" என்று கேட்காதீர்கள். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். அவருக்கு அது போதும்.

அக்கம்பக்கத்தில் இருக்கும் நமக்கும் ஒரு வேலை உண்டு. விசேஷ வீட்டில் ஒருவர் பாதியில் எழுந்து போனால் ஏன் என்று துருவ வேண்டாம். உள்ளே கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முன்பே காட்டிவிடுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். சுற்றிக் கட்டிய கவரைத் தனியாக வாங்கிக்கொள்ளும்படி தூய்மைப் பணியாளர்களிடம் சொல்லி வையுங்கள். எந்த வீடு, என்ன கவர் என்று யாரும் கேட்க வேண்டாம். தட்டு ஒட்டுவதில் சந்தேகம் இருப்பவர்கள் என் வீட்டுக்கு வரலாம். காலை பத்து மணிக்கு மேல் இருப்பேன். கழற்றிய தட்டைப் போன் கேமராவில் முதுகுப் பக்கமாக ஒரு படம் எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.